கண்ணாடி போனது, கண் அதேதான்

வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் நாங்கள் வாராவாரம் வாடகைக்கு எடுக்கும் பூப்பந்து (பாட்மிண்டன்) ஹாலில் மூன்றாவது செட், 17-16. நான் வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், என் ஜோடி பின்னால். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து என் தலைக்கு மேலே உயரமாகப் போனது. அதை அவன் எடுக்கிறானா விடுகிறானா என்று பார்க்க ஒரு நொடி திரும்பினேன், அவ்வளவுதான். அவன் முழு பலத்தோடு அடித்த பந்து நேராக என் இடது கண்ணில் வந்து இறங்கியது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது இருட்டு. கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், ஆனால் அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பியது, அதுவும் தே ஓ என்கிற பால் ஊற்றாத டீ கிளாஸுக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி பழுப்பும் சிவப்புமாக. அப்போது மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: உள்ளே லென்ஸ் இருக்கிறதே, அது என்ன ஆனதோ?

அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னால்தான் இரண்டு கண்ணிலும் ஐசிஎல் வைத்துக்கொண்டேன். கிட்டப்பார்வைக்காகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ். நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது இதைச் செய்துகொள்கிறார்கள், செய்யலாமா என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் எப்படி இருந்தது, எவ்வளவு செலவு, வலிக்குமா என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தக் கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவை முடித்துவிடுகிறேன். ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் துண்டில் ஐஸைச் சுற்றி எடுத்து வந்து கண்ணில் அழுத்தப் போனார். இன்னொருவர் குழாயடிக்கு இழுத்தார், முகத்தைக் கழுவினால் சரியாகிவிடும் என்று. பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சீன அக்கா, முப்பது வருடம் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் விலக்கிவிட்டு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். தொடாதே, கழுவாதே, தேய்க்காதே, குனியாதே என்று மலாயில் நாலே வார்த்தை. பிறகு ஒரு காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் உட்காரும்படி கவிழ்த்து வைத்து டேப் ஒட்டினார். அடிபட்ட கண்ணில் எங்காவது கிழிசல் இருந்தால், மேலே விழும் சின்ன அழுத்தம்கூட உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடலாம். அது எனக்கு அப்போது தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அடித்தவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இங்கே தம்பி என்றே சொல்கிறேன். அவன்தான் காரை ஓட்டினான். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எமர்ஜென்சி வாசலில் என்னை இறக்கிவிட்டு, காரை நிறுத்தப் போனவன் அரை மணி நேரம் கழித்து வந்தான். முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான், ஆனால் கண் சிவந்திருந்தது தெரிந்தது.

டாக்டர் விளக்கு மிஷினில் பார்த்தார். கருவிழியின் முன்புறம் கார்னியா என்ற ஒளி ஊடுருவும் மூடி இருக்கிறது, அதற்குப் பின்னால் நிறமுள்ள ஐரிஸ். இரண்டுக்கும் நடுவில் தெளிந்த நீர் நிற்கும் ஓர் அறை. அந்த அறையில் எனக்கு ரத்தம் இறங்கியிருந்தது. உட்கார்ந்த நிலையில் அந்த ரத்தம் அடியில் போய்ப் படிந்து, கிளாஸின் அடியில் மண்டி தேங்குகிற மாதிரி ஒரு கோடாகத் தெரியுமாம். நல்லவேளை, கொஞ்சம்தான். கண் அழுத்தம் 29 இருந்தது. 10-லிருந்து 21 வரைதான் சாதாரணம். லென்ஸ்? லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

அழாதே, கண்ணை இறுக்காதே என்றார் டாக்டர். மலாய்ப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், ஐந்து நாள் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் முதல் சில நாட்களில் மறுபடி ரத்தம் கசிந்தால் அது முதல் கசிவைவிட மோசமாகப் போகலாம். வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ கூடாது, பாராசிட்டமால் மட்டும். கண் பாப்பாவை விரித்து வைக்க ஒரு சொட்டு, வீக்கத்துக்கு ஒரு சொட்டு, அழுத்தத்துக்கு ஒரு சொட்டு. எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "விளையாடும்போது கண்ணில் எதுவும் போடவில்லையா?"

இல்லை டாக்டர், லென்ஸ் வைத்தாகிவிட்டதே, கண்ணாடி தேவையில்லையே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது வீட்டுக்கு வந்து, மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கண்ணாடி போட்டேன். இடைநிலைப் பள்ளி முடிக்கும்போது இடது 950, வலது 900. இங்கே பவரை நூறு நூறாகத்தான் சொல்வோம், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு மைனஸ் ஒன்பதரை என்று சொன்னால் புரியும். ஒன்பதரை என்றால் கண்ணாடி இல்லாமல் முகத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தூரம் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் கரைந்துவிடும். குளியலறையில் ஷாம்பூ எது, சோப்பு எது என்று கையால் தடவித்தான் தெரியும். அத்தனை வருடமும் அந்தக் கண்ணாடியை ஒரு பாரமாகத்தான் நினைத்தேன். அது எனக்கு இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இருபத்தேழு வருடம் என் கண்ணுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருந்தது. பூப்பந்து இரண்டு தடவை அந்தக் கண்ணாடியில் பட்டிருக்கிறது, ஒரு தடவை ஃபிரேம் வளைந்து மூக்கில் காயம்கூட ஆனது. அம்மா கடுகு தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், அப்பாவின் பட்டறையில் பறந்த இரும்புப் பொடி, மோட்டாரில் போகும்போது எதிரே வந்த வண்டுகள், எல்லாம் அதில்தான் பட்டன. சாதாரணக் கண்ணாடி முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், பலமான அடியில் அதுவே உடைந்து கண்ணில் குத்தலாம். ஆனாலும் சின்னச் சின்ன விஷயங்களை அது தினமும் வாங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அன்றைக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் முகத்தோடு அதே பட்டறைக்கும் அதே அடுப்படிக்கும் அதே கோர்ட்டுக்கும் போனேன்.

உள்ளே இருக்கும் லென்ஸ் காவலாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்காது. அது உட்கார்ந்திருக்கும் இடம் ஐரிஸுக்குப் பின்னால், நமக்குப் பிறவியிலேயே உள்ள லென்ஸுக்கு முன்னால். காலமர் என்ற மென்மையான பொருளில் செய்தது, அதில் கொலாஜனும் சேர்ந்திருக்கிறது. அதைச் சுருட்டி, கார்னியாவின் ஓரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீறல் வழியாக உள்ளே செலுத்துவார்கள், உள்ளே போய் மெதுவாக விரிந்துகொள்ளும். கீறலுக்குப் பெரும்பாலும் தையல் கிடையாது, தானாகவே ஒட்டிக்கொள்ளும். லேசிக் மாதிரி கார்னியாவைச் செதுக்கும் வேலை இதில் இல்லை. பவர் கூடக்கூடச் செதுக்க வேண்டிய ஆழமும் கூடும், என் கார்னியாவுக்கு அவ்வளவு தடிமன் இல்லை, அதனால்தான் எனக்கு இந்த வழி. வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடவும் முடியும். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ இந்த லென்ஸுக்கு 2005-இல் அனுமதி கொடுத்தது. இப்போது வைக்கப்படும் வகையில் நட்டநடுவில் 0.36 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று உண்டு, கண்ணுக்குள் ஊறும் நீர் அதன் வழியாக ஓடும். அந்த வகைக்கு அங்கே 2022-இல்தான் அனுமதி கிடைத்தது. பழைய வகை என்றால் நீர் போக ஐரிஸிலேயே லேசரால் ஓட்டை போட வேண்டியிருந்தது.

எனக்கு வைத்த லென்ஸுக்கும் பிறவி லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 480 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த இடைவெளி ரொம்பக் குறைந்தால் பிறவி லென்ஸில் புரை வரலாம், ரொம்பக் கூடினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறலாம். அதனால்தான் அளவெடுக்கும்போது அத்தனை மிஷினில் உட்கார வைக்கிறார்கள். ஒரு பந்து வந்து மோதினால் கண் ஒரு கணம் நசுங்கி விரிகிறது. அப்போது அந்த அரை மில்லிமீட்டர் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டு லென்ஸ் இடம் பெயர்ந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், பலருக்கு மறுபடி சரியாக நகர்த்தி வைக்க முடிந்திருக்கிறது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள். கண்ணைத் தேய்க்காதே, குழாய்த் தண்ணீர் கண்ணில் படக்கூடாது, சில வாரத்துக்கு நீச்சல் வேண்டாம், தூங்கும்போது பிளாஸ்டிக் கவசம் போடு, இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடு, கண் மை வேண்டாம். அதை நான் சாமி கும்பிடுவது போலக் கடைப்பிடித்தேன். அம்மா ஒரு மாதம் என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை, தலைக்கு ஊற்றிவிடக்கூடத் தானே வந்தார், பின்னால் சாய்த்து, சலூனில் செய்வது மாதிரி. வலி கூடினாலோ சிவப்பு கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடி வா என்றும் அதில் இருந்தது. அது மிக முக்கியம், ஏனென்றால் அபூர்வமாக வந்தாலும் உள்ளே கிருமி புகுந்தால் மணி நேரக் கணக்கில் கண் கெட்டுவிடும். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தாளில் இருந்தது முதல் மாதம் மட்டும். இரண்டாவது வருடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. விளம்பரப் பலகையில் கடற்கரையில் ஓடுகிற சிரித்த முகம், கண்ணாடியில்லா வாழ்க்கை. அந்த முகத்தில் விளையாடும்போது போடும் கவசக்கண்ணாடியையும் மாட்டிப் படம் எடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இதைக் கோபமாகத்தான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. என் இடது கண்ணின் நீளம் 27.9 மில்லிமீட்டர். சாதாரணக் கண் 24-க்குப் பக்கத்தில் இருக்கும். கிட்டப்பார்வை என்பதே பெரும்பாலும் கண் பின்பக்கமாக நீண்டு போவதுதான். லென்ஸ் வைத்ததால் ஒளி சரியான இடத்தில் விழுகிறது, பவர் பூச்சியமாகிவிட்டது. கண் சுருங்கி 24 ஆகவில்லை, ஆகவும் ஆகாது. நீண்ட கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கிறது. பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடும் மாமாக் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள், மாவை வீசி வீசி இழுக்கும்போது எங்கே மெலிகிறதோ அங்கேதான் முதல் ஓட்டை விழும். விழித்திரையும் அப்படித்தான், ஓரத்தில்தான் மெலிந்த திட்டுகள் வரும். அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் நீர் அடியில் புகுந்தால் விழித்திரை சுவரிலிருந்து உரிந்துவிடும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், லென்ஸ் வைத்தாலும் லேசிக் செய்தாலும் அது குறையாது.

ரத்தம் கரைந்து நாலு வாரம் கழித்து, பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம் முழுக்கச் சோதித்தார்கள். கீழ்ப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல். அடியால் வந்ததா, முன்பே மெலிந்திருந்த இடம் அடியில் கிழிந்ததா என்று நான் கேட்டேன். இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே லேசர். கிழிந்த துணியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தையல் போடுவது மாதிரி, கிழிசலைச் சுற்றி வரிசையாகச் சுட்டு விழித்திரையைச் சுவரோடு ஒட்ட வைக்கிறார்கள். பச்சை மின்னல் கண்ணுக்குள் அடிக்கும், நடுவில் ஓரிரு புள்ளி சுருக்கென்று வலிக்கும். அந்தத் தழும்பு இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

அந்தக் கிழிசல் என்னிடம் எந்த அறிகுறியும் காட்டவில்லை என்பதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. பார்வை 6/6. எல்லாம் தெளிவு. எனக்கு ஒன்றும் இல்லை என்று அந்தப் பரிசோதனைக்கே போகாமல் விட்டிருக்கலாம், லீவு கிடைக்காதே என்று தள்ளிப் போடவும் நினைத்தேன். அம்மாதான் விடவில்லை. சிலருக்கு அறிகுறி தெரியும்: ஓரத்தில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் பறப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல். இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், வார இறுதிக்குக் காத்திருக்கக் கூடாது. வலிக்காது என்பதால்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

அந்த ஐந்து நாள் படுக்கையில் ஃபோன் பார்க்க முடியாது, என் கூடப்பிறந்த தம்பியின் மகள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அப்படிக் கேட்டதில் ஒரு கதை மனதில் நின்றுவிட்டது. 1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் கோர்டன் கிளீவர் என்ற விமானி சண்டையில் சுடப்பட்டார், விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடி நொறுங்கிச் சில்லுகள் இரண்டு கண்ணிலும் ஏறின. அன்றைக்கு அவர் கண்கவசம் போட்டிருக்கவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த ஹேரல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றை எதிர்க்காமல் சும்மா இருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த யோசனைதான், கண்ணுக்குள் ஒரு செயற்கை லென்ஸை வைக்க முடியும் என்பது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்புரை எடுத்த ஒரு நோயாளிக்கு அதே வகைப் பொருளில் செய்த முதல் லென்ஸை வைத்தார். என் கண்ணில் இருப்பதும் அந்த வழியில் வந்ததுதான். கவசம் போடாத ஒருவர் இழந்த பார்வையிலிருந்து கிடைத்த லென்ஸ் அது. அதை உள்ளே வைத்துக்கொண்டு நான் கவசம் போடாமல் வலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

சரி, பந்துக்கு வருவோம். பூப்பந்தின் தலையாக இருக்கும் கார்க் 25-லிருந்து 28 மில்லிமீட்டர் அகலம். கண்குழியின் வாய் 40 மில்லிமீட்டருக்குப் பக்கம். கால்பந்து வந்தால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் பெரும்பகுதியைத் தாங்கும், பூப்பந்து அந்த எலும்புகளுக்கு நடுவில் நேராக உள்ளே போய்விடும். ஸ்குவாஷ் பந்தும் அப்படியே, அது 40 மில்லிமீட்டர்தான். பூப்பந்தின் எடை ஐந்து கிராம்தானே என்று கேட்பார்கள். நம் நாட்டு ஆட்டக்காரர் டான் பூன் ஹியோங் 2013-இல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 493 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. நம் ஆட்டம் அதில் கால்வாசி என்று வைத்தாலும் 120-க்கு மேல். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம், அதிலும் என்னை மாதிரித் திரும்பிப் பார்ப்பவருக்கு. திரும்பாதே என்று சின்ன வயதில் கோச் கத்துவார், ஆட்டம் கெட்டுவிடும் என்றுதான் அப்படிக் கத்துகிறார் என நினைத்திருந்தேன்.

கவசக்கண்ணாடி வாங்கப் போனபோது கடையில் முதலில் காட்டியது ஸ்டைலுக்குப் போடும் சன்கிளாஸ். அது வேண்டாம். பாலிகார்பனேட் லென்ஸ் வேண்டும், அடித்தால் எளிதில் சில்லாகாது. ஃபிரேம் முகத்தைச் சுற்றி வளைந்து பக்கவாட்டையும் மூட வேண்டும், லென்ஸ் அடிபட்டுப் பின்பக்கமாகக் கழன்று கண்ணில் விழாதபடி விளிம்பு இருக்க வேண்டும், தலைக்குப் பின்னால் பட்டை வேண்டும். ராக்கெட் விளையாட்டுக்கென்று ஏஎஸ்டிஎம் எஃப்3164 என்ற தரக்குறி இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். பட்டறையில் போடும் கவசத்துக்கு வேறு குறி, ஏஎன்எஸ்ஐ இசட்87.1. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடுவது சரியில்லை. லென்ஸே இல்லாமல் கம்பி மட்டும் உள்ள வகையும் விற்கிறார்கள், இடைவெளி வழியாகப் பந்து நுழையும், வாங்காதீர்கள். எனக்கு ஆனது நூற்று நாற்பது வெள்ளி (ரிங்கிட்). ஆபரேஷனுக்கு நான் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. புழுக்கத்தில் ஆவி படியும், அது உண்மை. இரண்டு பாயிண்டுக்கு ஒரு தடவை துடைக்கிறேன்.

கோர்ட்டோடு முடிகிற விஷயமும் இல்லை இது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மலை மாதிரி குவித்து, இளைஞர்கள் வரிசையாக நின்று தார் ரோட்டில் ஓங்கி அடிக்கிறார்கள், ஓட்டுச் சில்லு இடுப்பளவு, தலையளவு பறக்கிறது. சின்னப் பிள்ளையிலிருந்து அப்பாவின் தோளில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தே பார்த்தவள் நான், முகத்தில் சில்லு பட்டால் முருகன் கொடுத்தது என்போம். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது அந்த நீளத்துக்கும் கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி என்னம்மா இது என்று கேட்டார், கண்ணில் ஆபரேஷன் பாட்டி என்றேன், அப்ப தள்ளி நில்லும்மா என்று தன் சேலை முந்தானையால் என்னை மறைத்தபடியே நடந்தார்.

வீட்டில் இன்னொன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டால் கழுவக் கூடாது என்றேன். மருந்து, ரசாயனம், வெற்றிலைச் சுண்ணாம்பு, கழிப்பறை கழுவும் திரவம் இந்த மாதிரி எதுவாவது கண்ணில் தெறித்தால் நேர் எதிர்: அந்த நொடியே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். சுண்ணாம்பு கண்ணை ஆழமாக அரித்துக்கொண்டே போகும். லென்ஸ் வைத்த கண்ணாச்சே, தண்ணீர் படலாமா என்று அப்போது யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதல் சில வாரம் தாண்டிய கண் என்றில்லை, நேற்று ஆபரேஷன் ஆன கண்ணாக இருந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

அப்பாவுக்குப் பிறை என்ற ஊரில் சின்னப் பட்டறை. கிரைண்டர் ஓடும்போது கண்ணைச் சுருக்கி வைத்துக்கொள்வதுதான் முப்பத்தைந்து வருடமாக அவருடைய கவசம். கார்னியாவில் ஒட்டிய இரும்புத் துகளை ஊசியால் எடுத்து, அதைச் சுற்றித் துரு படிந்ததையும் சுரண்ட வேண்டி வந்திருக்கிறது, மூன்று தடவை. நான் இசட்87.1 ஜோடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நான் போகும்போது போட்டுக்கொள்கிறார், அது எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன்.

மோட்டாரில் பினாங்குப் பாலத்தைக் கடக்கிற நாட்களில் ஹெல்மெட் வைசரை இறக்கியே ஓட்டுகிறேன். 13.5 கிலோமீட்டரும் கடல் காற்று, லாரி மணல். வைசர் கீறல் விழுந்து இரவில் வெளிச்சம் சிதறினால் மாற்றிவிடுங்கள். லென்ஸின் நடு ஓட்டையால் எனக்கு விளக்குகளைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும், முதல் சில மாதம் அதிகம், இப்போது கவனித்தால்தான் தெரிகிறது. அதோடு கீறலும் சேர்ந்தால் ரோடே தெரியாது.

பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஆபரேஷன் அன்றைக்குக் கொடுத்ததுதான், லென்ஸின் வகை, அளவு, பவர், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். எமர்ஜென்சியில் அந்த இரவு டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். ஃபோனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயம். அழுத்தம், லென்ஸ் இடைவெளி, கார்னியாவின் உட்புறச் செல்களின் எண்ணிக்கை, பாப்பாவை விரித்து விழித்திரை. அந்த உட்புறச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, அதனால் எண்ணிப் பார்க்கிறார்கள். அடிபட்ட இடது கண்ணில் நீர் வடியும் மூலையும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பல வருடம் கழித்துக்கூட அதனால் அழுத்தம் ஏறலாம், ஆகவே அந்தக் கண்ணுக்கு ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரிசோதனை நாளில் வண்டி ஓட்ட முடியாது. ஃபெர்ரியில்தான் போய்த் திரும்புகிறேன். விரிந்த பாப்பாவோடு மேல்தட்டில் நின்றால் கடல் முழுக்க வெள்ளை வெளிச்சம், கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே கண் கூசும், எதிரே ஜோர்ஜ் டவுன் கொம்தார் கோபுரம் மட்டும் ஒரு சாம்பல் கோடாகத் தெரியும்.

தம்பி அதற்குப் பிறகு ஹாலுக்கு வரவேயில்லை. ஐந்து மாதம். கேன்டீனில் என்னைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவான். கவசக்கண்ணாடி வாங்கின அன்றைக்கு இரண்டாக வாங்கினேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங்கில் பிடித்து அவன் கையில் ஒன்றைத் திணித்தேன்.

"உங்களுக்கு வேணும்க்கா. எனக்கு எதுக்கு? என் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"வர்ற வியாழன் நீ முன்னால நில்லு. நான் பின்னால நிக்கிறேன்."

அவன் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தான். பட்டையை எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் நின்றான், அந்த மிஸி அக்காதான் வந்து பின்னாலிருந்து சரிசெய்துவிட்டார். முதல் செட் முழுக்க அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலிருந்து அடித்த ஒரு டிரைவ் அவன் தோளில் பட்டு விழுந்தது. ஒரு கணம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அவன் குனிந்து பந்தை எடுத்து எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். 9-11. சர்வீஸ் அவர்களுடையது.